போஸ்ட்ஃபிக்ஸ் முகவரி சரிபார்ப்பு கேஷ்: புகாரிலிருந்து பிழைக்கு

முன்னால் போஸ்ட்ஃபிக்ஸ் (மெயில் சர்வர் மென்பொருள்), பின்னால் எக்ஸ்சேஞ்சோ வேறொரு மெயில் சர்வரோ என்ற அமைப்பில் ஒரு பழைய சிக்கல் உண்டு. இணையத்தைப் பார்த்து நிற்கும் முன் சர்வருக்கு, எந்தெந்த முகவரிகள் உண்மையில் இருக்கின்றன என்று தெரியாது. தெரியாததால் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும். பின் சர்வர் மறுத்ததும், போலி அனுப்புநர் முகவரிகளுக்கெல்லாம் 'போய்ச் சேரவில்லை' என்ற பவுன்ஸ் மெயில் அனுப்பித் தள்ளும். இதற்காகத்தான் போஸ்ட்ஃபிக்ஸ் 2.1 முதல் முகவரி சரிபார்ப்பு வசதி இருக்கிறது. ரிஜெக்ட்_அன்வெரிஃபைட்_ரெசிபியன்ட் என்ற விதியைப் போட்டால், மெயிலை வாங்கும் முன்பே பின் சர்வரிடம் ஒரு சோதனை மெயில் போகும். அது 'இந்த முகவரிக்கு வாங்குவாயா' என்று கேட்கும் ஆர்சிபிடி டு கட்டளை வரை போய், பதிலைக் கேட்டுக்கொண்டு திரும்பிவிடும். யாருடைய இன்பாக்ஸிலும் விழாது. கிடைத்த பதிலை வெரிஃபை என்ற சேவை கேஷில் (தற்காலிகப் பதிவேட்டில்) எழுதி வைக்கும்.

இதைப் பற்றி வரும் புகார்களில் பெரும்பாலானவை அந்தக் கேஷைச் சுற்றியவைதான். புகார் வந்ததும் நம் கை முதலில் போவது கேஷ் கோப்பை அழிக்கும் கட்டளைக்கு. அது வேண்டாம். ஏன் என்று மூன்றாவது புகாரில் வரும்.

ஒரு குறிப்பு: அமைப்புப் பெயர்களைத் தமிழ் ஒலிப்பில் எழுதியிருக்கிறேன். போஸ்ட்ஃபிக்ஸின் அமைப்புகள் இருக்கும் மெயின்.சிஎஃப் கோப்பில் அவை ஆங்கிலச் சிற்றெழுத்தில், சொற்களுக்கு நடுவே இதே அடிக்கோடுகளோடு இருக்கும்.

முதலில் கேஷில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்

கேஷ் கோப்பு வழக்கமாக /வார்/லிப்/போஸ்ட்ஃபிக்ஸ் அடைவில் வெரிஃபை_கேஷ் என்ற பெயரில் இருக்கும். வெரிஃபை சேவை ஓடிக்கொண்டிருக்கும்போது கோப்பைப் பூட்டி வைத்திருக்கும் என்பதால், அதன் மேல் நேரடியாக போஸ்ட்மேப் (இத்தகைய கோப்புகளைப் படிக்கவும் திருத்தவும் உதவும் கட்டளை) ஓட்டினால் கட்டளை பேசாமல் காத்துக்கொண்டே நிற்கும். ஒரு நகல் எடுத்து, நகலின் மேல் 'போஸ்ட்மேப் -எஸ்' ஓட்டுங்கள். ஒவ்வொரு வரியிலும் முகவரி, அப்புறம் முக்காற்புள்ளியால் பிரித்த நான்கு பகுதிகள் வரும்:

2:0:1718000000:பின் சர்வர் சொன்ன பதில்

முதல் எண் நிலை. 0 என்றால் முகவரி சரி. 1 என்றால் தற்காலிகத் தோல்வி. 2 என்றால் பின் சர்வர் திட்டவட்டமாக மறுத்துவிட்டது. 3 என்றால் இன்னும் பதில் வரவில்லை. இரண்டாவது எண் சோதனை அனுப்பிய நேரம். பதில் வந்துவிட்டால் அது 0 ஆகிவிடும். மூன்றாவது, பதிலைப் பதிந்த நேரம், யூனிக்ஸ் கணக்கில் (1970 முதல் எண்ணிய நொடிகள்). மேலே உள்ளது 2024 ஜூன் 10, இந்திய நேரம் காலை 11:43. கடைசியில் இருப்பது பின் சர்வரின் வாய்மொழியே.

கேஷைத் திறக்காமலே பாதி விஷயம் மெயில் லாகில் தெரிந்துவிடும். மறுப்பு வரியில் 'அன்டெலிவரபிள் அட்ரஸ்' என்று இருந்தால் நிலை 2. 'அன்வெரிஃபைட் அட்ரஸ்' என்று இருந்தால் 1 அல்லது 3. இந்த வேறுபாட்டைக் கவனித்தாலே தேடல் பாதியாகக் குறையும். சோதனை மெயில்களும் லாகில் தனியாகத் தெரியும். அவற்றின் ஸ்டேட்டஸ் 'சென்ட்' என்று இருக்காது, 'டெலிவரபிள்' அல்லது 'அன்டெலிவரபிள்' என்று இருக்கும்.

புகார்: புது ஆளுக்கு மெயில் பெட்டி திறந்தாச்சு, ஆனால் வெளியிலிருந்து எதுவும் வரவில்லை

பெட்டியைத் திறப்பதற்கு முன்பே யாரோ அந்த முகவரிக்கு மெயில் அனுப்பிப் பார்த்திருப்பார்கள். மனிதவளத் துறை முந்தின நாளே முகவரியை அறிவித்திருக்கும், அல்லது புது ஆளே வீட்டிலிருந்து அனுப்பிப் பார்த்திருப்பார். அப்போது பின் சர்வர் மறுத்த பதில் கேஷில் உட்கார்ந்துவிட்டது. லாகில் 'அன்டெலிவரபிள்', கேஷில் 2.

தோல்வியை போஸ்ட்ஃபிக்ஸ் எவ்வளவு நாள் நினைவில் வைத்திருக்கும் என்பதை இரண்டு அமைப்புகள் தீர்மானிக்கின்றன. மறுசோதனைக்கான காலம் அட்ரஸ்_வெரிஃபை_நெகட்டிவ்_ரிஃப்ரெஷ்_டைம், இயல்பாக 3 மணி நேரம். பதில் காலாவதி ஆகும் காலம் அட்ரஸ்_வெரிஃபை_நெகட்டிவ்_எக்ஸ்பயர்_டைம், இயல்பாக 3 நாள். மூன்று மணி நேரம் ஆனதும் பதில் தானாக மாறிவிடும் என்று பலர் நினைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். அப்படி நடக்காது. மூன்று மணி நேரம் கழித்து யாராவது மெயில் அனுப்பினால், அவருக்குப் பழைய மறுப்பையே சொல்லிவிட்டு, பின்னணியில் புது சோதனையை அனுப்பும். அடுத்து வருபவருக்குத்தான் கதவு திறக்கும். 'மூணு மணி நேரம் கழிச்சும் ரிஜெக்ட் ஆச்சு, உடனே திரும்ப அனுப்பினா போயிடுச்சு' என்ற விசித்திரமான புகாருக்கு இதுதான் விளக்கம்.

அவசரம் என்றால் அந்த ஒரே முகவரியை மட்டும் நீக்குங்கள். போஸ்ட்ஃபிக்ஸை நிறுத்தி, 'போஸ்ட்மேப் -டி' கட்டளைக்கு முகவரியையும், அதன் பின் பிட்ரீ: (கோப்பின் வகை) என்ற முன்னொட்டோடு கோப்பின் பாதையையும் கொடுத்து, மறுபடி தொடங்குங்கள். சில நொடி வேலை. அந்நேரம் வந்த மெயில்கள் அனுப்பும் சர்வரில் காத்திருந்து மறுபடி வரும். பாதையில் கோப்பின் நீட்சியைச் சேர்க்க வேண்டாம்.

இது அடிக்கடி நடக்கிறது என்றால் ரிஃப்ரெஷ் நேரத்தை 30 நிமிடமாகக் குறைக்கலாம். அட்ரஸ்_வெரிஃபை_நெகட்டிவ்_கேஷ் என்பதை அடியோடு அணைக்கும் யோசனையை நான் ஏற்கமாட்டேன். அணைத்தால், இல்லாத முகவரிக்கு வரும் ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு சோதனை மெயில் பின் சர்வருக்குப் போகும். பெயர்களை அகராதி வைத்து ஊகித்து அடிக்கும் ஸ்பாம்காரன் ஒருவன் போதும், பின் சர்வர் மூச்சுத் திணறிவிடும்.

புகார்: பின் சர்வர் கொஞ்ச நேரம் படுத்து எழுந்தது, ஆனால் சிலருக்கு மட்டும் இன்னும் 450

450 என்பது 'இப்போது முடியாது, பிறகு முயற்சி செய்' என்ற தற்காலிக மறுப்பு. இதில் குழப்புவது அந்த 'சிலருக்கு மட்டும்'. பக்கத்து மேசைக்காரருக்கு வருகிறது, இவருக்கு வரவில்லை.

நெகட்டிவ் என்பதில் தற்காலிகத் தோல்வியும் அடக்கம். பின் சர்வர் அணைந்திருந்த அந்த ஐந்து நிமிடத்தில், கேஷில் இதுவரை இல்லாத முகவரி ஒன்றுக்கு மெயில் வந்தால், சோதனை 'கனெக்ஷன் ரெஃப்யூஸ்ட்' என்று திரும்பும். அது நிலை 1 ஆகப் பதிவாகும். பின் சர்வர் எழுந்தது போஸ்ட்ஃபிக்ஸுக்குத் தெரியாது. அடுத்த மூன்று மணி நேரம் அதே பழைய பதிலைச் சொல்லிக்கொண்டிருக்கும். லாகில் 'அன்வெரிஃபைட் அட்ரஸ்' என்றும், அதற்குப் பக்கத்தில் எப்போதோ முடிந்துபோன இணைப்புப் பிழையும் இருந்தால் இதுதான். ஏற்கெனவே 0 என்று பதிவான முகவரிகளுக்கு இந்தப் பாதிப்பே கிடையாது. பக்கத்து மேசைக்காரர் தப்பித்தது அதனால்தான்.

இங்கே செய்ய வேண்டியது, நிலை 1 உள்ள வரிகளை மட்டும் களைவது. போஸ்ட்ஃபிக்ஸை நிறுத்திவிட்டு 'போஸ்ட்மேப் -எஸ்' வெளியீட்டிலிருந்து முகவரிக்கு அடுத்து '1:' என்று தொடங்கும் வரிகளின் முகவரிகளை ஆக் என்ற உரைக் கருவி கொண்டு பிரித்தெடுங்கள். அந்தப் பட்டியலை 'போஸ்ட்மேப் -டி' கட்டளைக்குள் பைப் வழியாக அனுப்புங்கள். முகவரி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிறு கோடு போட்டால் அது உள்ளீட்டிலிருந்து படித்துக்கொள்ளும். அப்புறம் தொடங்கிவிடலாம்.

புகார்: வேலையை விட்டுப் போனவரின் பெட்டியை நீக்கி இரண்டு வாரம் ஆகிறது, முன் சர்வர் இன்னும் ஏற்கிறது

இந்தப் புகாரை யாரும் நேரடியாகச் சொல்லமாட்டார்கள். கியூவில் பவுன்ஸ் மெயில்கள் குவிவதாகவோ, நம் ஐபி ஏதோ தடைப்பட்டியலில் ஏறிவிட்டதாகவோதான் வெளியே தெரியும். துருவிப் பார்த்தால் நீக்கப்பட்ட முகவரி கேஷில் 0 என்றே நிற்கும்.

நல்ல பதிலுக்கும் இரண்டு அமைப்புகள். அட்ரஸ்_வெரிஃபை_பாசிட்டிவ்_ரிஃப்ரெஷ்_டைம் 7 நாள், அட்ரஸ்_வெரிஃபை_பாசிட்டிவ்_எக்ஸ்பயர்_டைம் 31 நாள். ஏழு நாள் ஆனதும் மறுசோதனை நடக்கிறது, பின் சர்வர் 'அப்படி யாரும் இல்லை' என்கிறது, அப்படியும் கேஷ் மாறவில்லை. வழு போலத் தோன்றும், ஆனால் வேண்டுமென்றே அப்படி எழுதியிருக்கிறார்கள். 0 என்று பதிவான முகவரியை, காலாவதி ஆகும் வரை, தோற்றுப்போன சோதனை எதுவும் அழிக்க முடியாது. தோல்வியைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டு, அடுத்த மெயில் வரும்போது மறுபடி சோதிக்கும். கடைசியாக வெற்றி பெற்ற நாளிலிருந்து 31 நாள் வரை கதவு திறந்தே இருக்கும்.

இப்படி ஒருபக்கச் சாய்வோடு வைத்திருப்பதில் நியாயம் இருக்கிறது. பின் சர்வர் ஒரு நாள் முழுக்க அணைந்து கிடந்தாலும், அல்லது அதன் பயனர் பட்டியல் இணைப்பு அறுந்து எல்லோரையும் 'இல்லை' என்று மறுத்தாலும், முன் சர்வர் தெரிந்த முகவரிகளுக்கு வரும் மெயிலைத் தொடர்ந்து வாங்கும். பின் சர்வர் அணைந்திருந்தால் அது கியூவில் பத்திரமாக நிற்கும். கேஷை மொத்தமாக அழிக்காதீர்கள் என்று முதலில் சொன்னது இதற்காகத்தான். பின் சர்வர் தடுமாறும் நேரத்தில் கோப்பை அழித்தால் இந்தக் கேடயம் போய்விடும். தெரிந்த முகவரி என்று ஒன்றுகூட இருக்காது, ஒவ்வொன்றாக 1 என்று பதிவாகும். ஐந்து பேருக்கு இருந்த பிரச்சினை அலுவலகம் முழுவதற்கும் பரவும்.

தீர்வு, காலத்தைச் சுருக்குவது. ஆட்கள் அடிக்கடி மாறும் நிறுவனம் என்றால் எக்ஸ்பயரை 7 நாள், ரிஃப்ரெஷை 1 நாள் என்று வைக்கலாம். ரிஃப்ரெஷ் எப்போதும் எக்ஸ்பயரைவிடக் குறைவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கேடயம் புதுப்பிக்கப்படும் முன்பே விழுந்துவிடும். எக்ஸ்பயரை மூன்று நாளுக்கும் கீழே கொண்டுபோக நான் சம்மதிக்கமாட்டேன். வெள்ளி மாலை படுத்த சர்வரைத் திங்கள் காலைதான் பார்க்கப்போகிறோம் என்றால், அத்தனை நேரத்துக்கும் கேஷ் தாங்க வேண்டும். ஒருவரை நீக்கும்போது அவர் முகவரியைக் கேஷிலிருந்தும் நீக்குவதை வேலைப் பட்டியலில் சேர்த்துவிட்டால் காலத்தைத் தொடவே வேண்டாம்.

புகார்: முதல் மெயில் தாமதமாகிறது, லாகில் 'அட்ரஸ் வெரிஃபிகேஷன் இன் புராக்ரெஸ்'

பெரும்பாலும் தொல்லை இல்லாதது. புது முகவரிக்கு மெயில் வந்ததும் போஸ்ட்ஃபிக்ஸ் 3 நொடி இடைவெளியில் 3 முறை பதில் வந்ததா என்று பார்க்கும். நெருக்கடி நேரத்தில் ஒரே முறை. அதற்குள் வராவிட்டால் 450 சொல்லி அனுப்பிவிடும். அனுப்பியவர் சர்வர் மறுபடி வரும்போது பதில் கேஷில் தயாராக இருக்கும். ஓடிபி மெயிலுக்குக் காத்திருப்பவருக்குத்தான் கோபம் வரும்.

எல்லாப் புது முகவரிக்கும் இப்படி நடந்தால் பின் சர்வர் மெதுவாகப் பதில் சொல்கிறது என்று பொருள். அங்கே கிரேலிஸ்டிங் (புதிதாக வருபவரை முதலில் திருப்பி அனுப்பும் முறை) இயங்குகிறதா, முன் சர்வரின் ஐபிக்கு டிஎன்எஸ் பெயர் தேடி நேரம் போகிறதா என்று பாருங்கள். முன் சர்வரின் ஐபியை அங்கே விலக்குப் பட்டியலில் போட்டாலே பெரும்பாலும் சரியாகிவிடும். சோதனை மெயிலும் அதே கியூவில்தான் போகிறது என்பதால், கியூ அடைத்துக்கொண்டாலும் இதே அறிகுறி வரும். அட்ரஸ்_வெரிஃபை_போல்_கவுன்ட்டைக் கூட்டுவது கடைசி வழி. அத்தனை நேரமும் மெயிலை வாங்கும் எஸ்எம்டிபிடி செயல்முறை ஒன்று சும்மா காத்திருக்கும்.

போஸ்ட்ஃபிக்ஸை ரீஸ்டார்ட் செய்யும்போதெல்லாம் இது அலையலையாக வந்தால், கேஷ் டிஸ்கில் எழுதப்படவே இல்லை. 2.7-க்கு முந்தைய பதிப்புகளில் அட்ரஸ்_வெரிஃபை_மேப் இயல்பாகக் காலியாக, கேஷ் நினைவகத்தில் மட்டும் இருந்தது. அந்தக் காலத்து மெயின்.சிஎஃப் கோப்பை அப்படியே சுமந்துவந்த சர்வர்களில் அந்தக் காலி வரி இன்னும் இருக்கலாம். போஸ்ட்கான்ஃப் கட்டளையில் மதிப்பைப் பார்த்து, வரியை நீக்கிவிடுங்கள்.

புகார்: எஸ்எம்டிபி வழியே எந்த மெயிலுமே உள்ளே வரவில்லை, வெரிஃபை விழுந்து விழுந்து எழுகிறது

கேஷ் கோப்பு சிதைந்திருக்கிறது. அநேகமாக டிஸ்க் நிரம்பியிருக்கும். கேஷ் சிதைந்தால் உலகமே முடிந்துவிடும், நீங்கள்தான் கையால் சரிசெய்ய வேண்டும் என்று போஸ்ட்ஃபிக்ஸ் ஆவணமே எச்சரிக்கிறது. இது ஒன்றுதான் கோப்பை அழித்தே ஆக வேண்டிய இடம். முதலில் டிஸ்கில் இடம் உண்டாக்குங்கள். அப்புறம் போஸ்ட்ஃபிக்ஸை நிறுத்தி, கோப்பை நீக்கி, தொடங்குங்கள். உள்ளடக்கத்தை மட்டும் காலியாக்கிப் பூஜ்ய அளவில் விட்டுவைக்காதீர்கள், கோப்பே போக வேண்டும்.

லாகில் 'அனேபிள் டு கெட் எக்ஸ்க்ளூசிவ் லாக்' என்று வந்தால் அது சிதைவு இல்லை. இரண்டு வெரிஃபை செயல்முறைகள் ஒரே கோப்புக்குச் சண்டை போடுகின்றன. மாஸ்டர்.சிஎஃப் கோப்பில் வெரிஃபை வரியின் செயல்முறை வரம்பு 1 ஆக இருக்க வேண்டும். ஒரே இயந்திரத்தில் பல போஸ்ட்ஃபிக்ஸ் இன்ஸ்டன்ஸ்கள் ஓடினால் ஒவ்வொன்றுக்கும் தனி டேட்டா_டைரக்டரி வேண்டும். 'அன்சப்போர்ட்டட் டிக்ஷனரி டைப்: பிட்ரீ' என்று வந்தால், பிட்ரீக்கு அடிப்படையான பெர்க்லி டிபியைக் கைவிட்ட ஆல்பைன் போன்ற லினக்ஸ் வகைக்கு மாறியிருக்கிறீர்கள். மேப் மதிப்பில் பிட்ரீ என்பதை எல்எம்டிபி என்று மாற்றுங்கள், கேஷ் புதிதாகத் தொடங்கும். 'பாசிபிள் பெர்க்லி டிபி பக்' என்று கோப்பை மூடும்போது வரும் எச்சரிக்கையைக் கண்டுகொள்ள வேண்டாம்.

புகார்: இல்லாத முகவரிகூட 'டெலிவரபிள்' என்கிறது

போஸ்ட்ஃபிக்ஸ் பொய் சொல்லவில்லை, பின் சர்வர் எல்லோருக்கும் 250 ('சரி') சொல்கிறது. டெல்நெட்டில் போய் வாயில் வந்த பெயருக்கு ஆர்சிபிடி டு கொடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். எக்ஸ்சேஞ்ச் 2013 முதல் இது அடிக்கடி வரும்: போர்ட் 25-இல் முகவரியை ஏற்றுக்கொண்டு, முழு மெயிலும் வந்த பிறகே மறுக்கும். சோதனை அவ்வளவு தூரம் போவதில்லை. அதனால் அட்மின்கள் வழக்கமாக பின்புறப் போர்ட் 2525-க்குத் திருப்பிவிடுகிறார்கள். டேட்டா கட்டளைக்கே மறுப்பு சொல்லும் சர்வர்களுக்கு மட்டும் எஸ்எம்டிபி_அட்ரஸ்_வெரிஃபை_டார்கெட் என்பதை டேட்டா என்று வைக்கலாம், 3.0 முதல் உண்டு.

பின் சர்வரைச் சரிசெய்த பிறகும், தவறாக 0 என்று பதிவான முகவரிகள் 31 நாள் வரை நிற்கும். அவற்றைத் தேடிக் களைய வேண்டும்.

புகார்: இல்லாத முகவரிக்கு அனுப்பியவருக்கு பவுன்ஸே வரவில்லை

இயல்பான மறுப்பு எண் 450. அனுப்பும் சர்வர் நாள்கணக்கில் முயன்றுகொண்டிருக்கும். லாகைச் சில நாள் பார்த்து, மறுப்புகள் நியாயமானவை என்று திருப்தியானதும் அன்வெரிஃபைட்_ரெசிபியன்ட்_ரிஜெக்ட்_கோட் என்பதை 550 (நிரந்தர மறுப்பு) ஆக்குங்கள். இது நிலை 2-க்கு மட்டும்தான். தற்காலிகத் தோல்விக்கான எண் தனி, அதை 450-லேயே விட்டுவிடுங்கள். 550 வைத்தபின் முதல் புகாரின் பழைய மறுப்பு உடனே பவுன்ஸாக மாறும் என்பதால், நெகட்டிவ் ரிஃப்ரெஷைக் குறைப்பதும் கூடவே நடக்கட்டும்.

புகார்: கேஷ் கோப்பு பெருத்துக்கொண்டே போகிறது

12 மணி நேரத்துக்கு ஒருமுறை துப்புரவு நடக்கும். எத்தனை வரி தங்கின, எத்தனை நீங்கின என்று லாகில் ஒரு வரி வரும். நீங்குவது நடந்தும் கோப்பு சிறிதாகாது, உள்ளே காலியான இடத்தைத்தான் மறுபடி பயன்படுத்தும். குப்பை மிக அதிகம் என்றால் விதிகளின் வரிசையைப் பாருங்கள். ரிஜெக்ட்_அன்ஆத்_டெஸ்டினேஷன், தடைப்பட்டியல் சோதனை எல்லாம் முடிந்து கடைசியில்தான் சரிபார்ப்பு வர வேண்டும். முன்னால் போட்டால் நம் டொமைனே இல்லாத முகவரிகளுக்கும் உலகெங்கும் சோதனை பறக்கும். இதே காரணத்தால்தான் அனுப்புநர் முகவரிகளைச் சரிபார்க்கும் ரிஜெக்ட்_அன்வெரிஃபைட்_செண்டரை எல்லா மெயிலுக்கும் போடுவதை நான் பரிந்துரைப்பதில்லை; எதிர்ச் சர்வர்கள் நம்மை முகவரி திருடும் ஸ்பாம்காரன் என்று எண்ணித் தடுத்துவிடும்.

புகார்: ஒரு எம்எக்ஸ் ஏற்கிறது, இன்னொன்று மறுக்கிறது

எம்எக்ஸ் என்பது டொமைனுக்கு வரும் மெயிலை வாங்கும் முன் சர்வர். இரண்டுக்கும் தனித்தனிக் கேஷ். மேலே சொன்ன எல்லாக் களையெடுப்பையும் இரண்டிலும் செய்ய வேண்டும். ஒரே கேஷாக வேண்டுமென்றால் 2.9 முதல் மெம்கேஷ் (பல சர்வர்கள் பகிரும் நினைவகச் சேமிப்பு) அட்டவணை வழியே பகிரலாம். அப்போது எல்லாச் சர்வர்களிலும் துப்புரவு இடைவெளியை 0 ஆக்குங்கள். மெம்கேஷ் அமைப்புக் கோப்பில் டிடிஎல் (பதிவு தங்கும் காலம்) இயல்பாக 3600 நொடி. அதைக் கூட்டாவிட்டால் ஒரு மணி நேரத்தில் எல்லாம் மறந்துபோகும். கூட்டும்போது 30 நாளைத் தாண்டவும் கூடாது. அதற்கு மேற்பட்ட எண்ணை மெம்கேஷ் சர்வர் கால அளவாக எடுத்துக்கொள்ளாமல், 1970-இலிருந்து கணக்கிடும் தேதியாகப் படித்து, பதிவு ஏற்கெனவே காலாவதி ஆனதாக முடிவு கட்டிவிடும். இயல்பான பாசிட்டிவ் எக்ஸ்பயர் 31 நாள் என்பதால், அதையே நொடியாக்கி டிடிஎல்லில் போட்டால் இந்தக் குழியில் நேராக விழுவீர்கள்.